சாமி குதிரையின் வயிற்றுவலி

என் மகன் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறான். வேலிக்கு வெளியே ஓர் உடை மரம். அதன் நிழல் முழு நிழலாக இருக்காது. சல்லடையில் அரித்த வெயில் மாதிரி விழும். அதற்குக் கீழே ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேலேயே உட்கார்ந்து அவனைப் பார்க்கிறேன். பார்க்காத மாதிரி பார்ப்பதற்கு இந்தச் சில வாரங்களில் பழகிவிட்டேன். கையில் செல்போன் இருக்கும். அதில் ஒன்றும் ஓடாது.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில், சாலையை விட்டுக் கரிசல் காட்டுக்குள் தள்ளி இருக்கிறது இந்த இடம். யாருக்கும் வேண்டாமல்போன விலங்குகளைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறார்கள். கல்யாண ஊர்வலங்களில் வெடிச்சத்தத்துக்கு நடுவே ஆடி ஆடி மிரண்டுபோன ஒரு குதிரை, கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்து முதுகு புண்ணான இன்னொன்று, செங்கல் சூளையில் கால் ஒடிந்த ஒரு கழுதை, லாரியில் அடிபட்ட நாய்கள். ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் டவுனிலிருந்து வந்து சாணி அள்ளி, தொட்டி கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டுப் போவார்கள். சம்பளம் கிடையாது. மதியம் ஒரு தட்டு சாம்பார் சாதம் உண்டு.

என் மகனைக் கல்லூரி விடுதியிலிருந்து நாங்கள் வீட்டுக்கு அழைத்துவரவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்தோம். அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியாது. சொந்தக்காரர்களிடம் டெங்கு என்று சொல்லியிருக்கிறோம். அவன் அறைக்கதவின் தாழ்ப்பாளை என் கணவர் கழற்றிவிட்டார். டாக்டர்தான், கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்றார். அவனுடைய பழைய பள்ளித் தோழன் ஒருவன் இங்கே வருகிறவன். அவன்தான் முதல் வாரம் எங்களைக் கூட்டிவந்தான்.

அன்று என் மகன் வேலி ஓரமாகவே நின்றான். நடத்துகிற அந்தப் பெண் அவன் யார், என்ன படிக்கிறான் என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. “தம்பி, அந்த வாளியப் பிடிங்க” என்றாள், பத்து வருஷம் பழகியவனிடம் சொல்வதுபோல. அவன் பிடித்தான். நான் பதறிப்போய் அவளைத் தனியாக அழைத்து, அவனிடம் பார்த்துப் பேச வேண்டும், திடீரென்று சத்தம் போடக் கூடாது என்றெல்லாம் சொன்னேன்.

“நாங்க ஒண்ணும் பேசவே வேண்டாம்க்கா” என்றாள். “குதிரை தண்ணிக்கு நிக்குது. அத அவன் பாத்துட்டாம்லா. போதும்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கையில் கொப்புளத்தைக் காட்டினான். பல மாதமாக அவன் எங்களிடம் எதையும் காட்டியதில்லை.

இப்போது குதிரை வாளியிலிருந்து தலையை எடுத்து உதறுகிறது. மீசையிலிருந்து தண்ணீர் சிதறி அவன் சட்டையில் விழுகிறது. மாசி வெயில். அவனுக்குப் பின்னால் நிலம் முழுக்க ஈரமில்லாத ஈரம் போலக் கானல் ஓடுகிறது. கறுப்பு மண்ணில் வெள்ளைக் குதிரை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கம்பி வேலி கரைகிறது, தகரக் கொட்டகை கரைகிறது, என் வயதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவில். நான் அப்போது நாலாம் வகுப்பு. அந்த வருஷம் எங்கள் சித்தப்பாவுக்கு வயிற்றுவலி. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஐப்பசி மழையில் சித்தி தலைப்பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். குழந்தையும் தங்கவில்லை. அது எனக்குத் தெரியும். நானும்தான் அழுதேன். ஆனால் அதையும் சித்தப்பாவின் வயிற்றுவலியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அது வேறு, இது வேறு என்றிருந்தேன். சித்தப்பா உள்ளறையில் கயிற்றுக்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அம்மா தட்டில் சோறு வைப்பாள். சாயங்காலம் ஈ மொய்க்க அதை அப்படியே எடுப்பாள். ஒரு வாய் தின்றிருந்தால் அன்று அம்மாவின் முகம் வேறு மாதிரி இருக்கும்.

தெருவில் யாராவது, “ஒங்க கொழுந்தனுக்கு இப்பம் எப்படி இருக்கு?” என்று கேட்பார்கள்.

“வயித்துவலிதான். இன்னும் கேக்க மாட்டேங்கு” என்பாள் அம்மா.

கேட்டவர்கள் குரலைத் தணித்துக்கொள்வார்கள். வயிற்றுவலி என்பது மெல்லிய குரலில் பேச வேண்டிய நோய் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு வயிறு வலித்தபோது மட்டும் வேப்பங்கொழுந்தை அரைத்து வாயில் திணித்துவிட்டு எல்லாரும் சத்தமாகச் சிரித்தது அநியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் தன்னை முடித்துக்கொண்டால் மறுநாள் பேப்பரில் தீராத வயிற்றுவலி என்றுதான் போடுவார்கள் என்பதும், அந்தச் செய்தியில் தன் தம்பி பெயர் வந்துவிடக் கூடாது என்றுதான் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினார் என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

வீட்டில் சில சாமான்கள் இடம் மாறின. பருத்திக்கு அடிக்கிற மருந்தை அப்பா மாமா வீட்டில் கொண்டுபோய் வைத்தார். உள்ளறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். புதுத் தாழ்ப்பாள் போடப்போகிறார் என்று நான் வெகுநாள் காத்திருந்தேன். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உள்ளறை வாசலில் உட்கார்ந்து படிக்க வேண்டும். சித்தப்பா எழுந்தால் ஓடிவந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும். “சித்தப்பா எந்திரிச்சா ஒரு எட்டு எங்கிட்ட வந்து சொல்லிருட்டி, என்ன?” என்பாள் அம்மா, மாவு ஆட்டும் சத்தத்துக்கு நடுவே. அவர் எழவே மாட்டார். சொல்ல ஒன்றுமில்லாத வேலை அது. நான் பெருமையாக அதைச் செய்தேன்.

அப்படியிருந்தபோதுதான் குதிரை வந்தது.

கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில். அங்கே வரிசையாக மண்குதிரைகள் நிற்கும். நேர்த்திக்கடனுக்குச் செய்து வைத்தவை. சிலவற்றுக்குக் காது உடைந்திருக்கும், சிலவற்றுக்கு வால் இருக்காது, எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்திருக்கும். ஒருநாள் காலையில் விறகு பொறுக்கப் போன நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரிசையில் ஒரு குதிரை வாலை ஆட்டியது. ஈ ஓட்டியது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்து இமைத்தது. பனி இன்னும் கலையவில்லை. மற்றக் குதிரைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கப்போகின்றன என்று நான் மூச்சுவிடாமல் நின்றேன். அவை திரும்பவில்லை. அது மட்டும் இருமியது.

ஊருக்குச் சந்தேகமே வரவில்லை. ராத்திரி தோறும் ஊரெல்லையைச் சுற்றிக் காவல் காக்கிற சாமியின் குதிரை அது. பின்னங்காலில் புண் இருந்தது. காவல் சுற்றினால் முள் குத்தாதா என்றார்கள். விலா எலும்பு எண்ணிக்கொள்ளும்படி இருந்தது. ஊரில் இத்தனை நாள் கோயில் கொடை நடத்தவில்லை, அதைத்தான் காட்டுகிறது என்றார்கள். கழுத்தில் முடி உதிர்ந்து பட்டையாகத் தழும்பு இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, “இது ஜட்காவுல பூட்டுன தழும்புல்லா” என்று சொல்லிவிட்டார். டவுனில் ஆட்டோ வந்தபிறகு ஜட்காக்காரர்கள் தீனி போட வழியில்லாமல், கால் போன குதிரைகளை ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்கு வெளியே ஓட்டிவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் குறி சொல்கிற கோடாங்கி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

“சாமி எறங்கி நிக்குது. அதுகிட்டப் போயி ஜட்கா கதை பேசுதீங்களே அண்ணாச்சி. வாயக் கழுவுங்க.”

அப்பா வாயை மூடிக்கொண்டார். அந்த வருஷம் எந்தச் சாமியிடமும் வம்பு வைத்துக்கொள்ள அவருக்குத் துணிவில்லை.

சாமி குதிரையைக் கட்டக் கூடாது. கயிறு போடக் கூடாது. புண்ணைத் தொடக் கூடாது. ஆனால் படைக்கலாம். வீட்டுக்கு வீடு போட்டி போட்டுக்கொண்டு படைத்தார்கள். ஒருத்தி சர்க்கரைப் பொங்கல் வைத்தால் இன்னொருத்தி நெய் கூட்டி வைத்தாள். ஒருத்தி பானக்காரம், ஒருத்தி பருத்திப்பால், ஒருத்தி ஊறவைத்த பயறு. பட்டினி கிடந்து வந்த பிராணி, எதையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் தின்றது. தின்னத் தின்ன பெண்கள் குலவையிட்டார்கள். கொஞ்சம் புல் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமிக்குப் போய் யாராவது புல் படைப்பார்களா?

அந்தச் சனிக்கிழமை காலை குதிரை பொங்கலைத் தின்னவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. பிறகு மடங்கி, வெள்ளை அடித்த மண்குதிரைகளின் காலடியில் படுத்து உருளப் பார்த்தது. சாமி ஆடுது என்று யாரோ சூடம் ஏற்றினார்கள்.

நல்லவேளையாகக் கொத்தமல்லி யாவாரத்துக்கு வந்திருந்த எட்டயபுரத்துப் பாய் அன்று அப்பாவோடு இருந்தார். அவருடைய வாப்பா ஒரு காலத்தில் ஜட்கா வைத்திருந்தவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குதிரையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

“ஒங்க சாமி குதிரைக்கு வயித்துவலி அண்ணாச்சி” என்றார். “பொங்கலப் போட்டே கொல்லப் பாத்திருக்கீங்க எல்லாரும். நல்லாக் கேளுங்க. இது படுக்கப்படாது. படுத்து உருண்டா குடல் முறுக்கிக்கிடும், அம்புட்டுதான். டாக்டர் வார வரைக்கும் நடத்திக்கிட்டே இருக்கணும்.”

பாயிடம் ஒரு மொபெட் இருந்தது. எட்டயபுரம் போய்க் கால்நடை டாக்டரைக் கூட்டிவர அவரும் அப்பாவும் கிளம்பினார்கள். கிளம்பும்போது அப்பா, “ஆராவது ஒருத்தர் பிடிங்கய்யா” என்று கெஞ்சினார். பிடிக்கிறோம், பிடிக்கிறோம் என்றார்கள். மொபெட் புழுதி அடங்கியதும் ஆளுக்கு ஓரடி பின்னால் போனார்கள். ஒருவர் முருகனுக்கு மாலை போட்டிருந்தார். வேறு சாமியின் வாகனத்தைத் தொடலாமா என்று தெரியவில்லை என்றார். ஒருவர் வீட்டில் தீட்டு. ஒருவர் காலையில் கோழி தின்றிருந்தார். ஊரில் இத்தனை பேர் இத்தனை ஒழுங்காக நியமம் பார்க்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. குதிரை இதற்குள் முட்டி போட்டுவிட்டது.

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மாவைத்தான் தேடினேன். அடுப்பங்கரையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கொல்லையில் இருந்தாள் போலிருக்கிறது. உள்ளறையில் சித்தப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்குத் தெரிந்து ஊரில் வயிற்றுவலியைப் பற்றி அவருக்கு மேல் அறிந்தவர் யாரும் இல்லை.

“சித்தப்பா” என்றேன், மூச்சு வாங்க. “சாமி குதிரைக்கும் ஒங்கள மாதிரியே வயித்துவலி. படுக்கவே கூடாதாம். படுத்தா செத்துப்போயிருமாம். பிடிக்கதுக்கு ஆளே இல்ல.”

அவர் அசையவில்லை. நான் வாசலுக்குத் திரும்பினேன்.

“ஆரு சொன்னா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பல நாள் பேசாமல் இருந்ததில் அது ஒட்டடை பிடித்த மாதிரி இருந்தது.

“பாய்தான் சொன்னாரு. நடத்திக்கிட்டே இருக்கணுமாம்.”

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோனேன். பிறகு கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் சுவரில் கை ஊன்றி நின்றார், ஆள் பாதியாகியிருந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் வெயிலில் இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை.

கோயிலில் அவரைக் கண்டதும் கூட்டம் தானாக விலகியது. அவர் கிணற்றடிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். துண்டைக் குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டி, அதில் கயிற்றைக் கோத்தார்.

“ஏய்யா, கயிறு போடாதேய்யா” என்று கோடாங்கி பதறினார். “சாமி குத்தமாயிரும். கேக்குமய்யா சாமி.”

“கேக்கட்டும்” என்றார் சித்தப்பா. “எனக்கும் அதுகிட்டக் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு.”

கோடாங்கி தரையைப் பார்த்தார்.

குதிரை எழவில்லை. சித்தப்பா அதன் தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து முட்டினார். நான் மறுபக்கம் வாலுக்குப் பக்கத்தில் நின்று, என்னால் ஆன மட்டும் சத்தம் போட்டேன். “எந்தி, எந்தி” என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது குதிரையிடம் சொன்னது போலவும் இருந்தது, வேறு யாரையோ அதட்டியது போலவும் இருந்தது. குதிரை முன்னங்காலை ஊன்றியது. உதறியது. எழுந்தது. இருவரும் எதிரெதிரே நின்று நடுங்கினார்கள். அப்புறம் நடக்கத் தொடங்கினோம்.

அந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தரையில் கால் பாவுவதில்லை. கண்மாய்க் கரையோரமாக வண்டிப்பாதை. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடக்கும் காடு. கறுப்புத் துணியில் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி. அதற்கப்பால் மல்லி அறுத்த தாள். வெயில் ஏற ஏற மல்லி வாசம் தரையிலிருந்து கிளம்பி எங்கள் முட்டிவரை நின்றது. மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அந்த வெடிப்புகளில் குதிரையின் கால் மாட்டிக்கொள்ளாமல் சித்தப்பா பார்த்துப் பார்த்து நடத்தினார். எங்களுக்கு முன்னால் கானல் ஓடியது. நாங்கள் ஒரு ஏரியின் ஓரமாக நடக்கிறோம், அந்த ஏரி எங்களுக்காக நகர்ந்துகொண்டே போகிறது என்று நினைத்தேன். குதிரையின் நிழல் சிறுத்துச் சிறுத்து அதன் வயிற்றுக்கு அடியில் போய் ஒளிந்தது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மடியோடு நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தியும் கூப்பிடவில்லை. கனவில் போகிறவர்களைக் கூப்பிடாமல் இருப்பதுபோல் நின்றார்கள்.

சித்தப்பா என்னோடு பேசவில்லை. குதிரையோடு பேசினார். காற்று எங்கள் பக்கம் வீசியபோது துண்டு துண்டாகக் கேட்டது.

“படுத்தா என்ன ஆகும்னு நெனச்ச? வலி போயிருமா?” என்றார் ஒருமுறை. இன்னொரு முறை, “அவ இருந்தா ஒனக்கு இந்தப் பொங்கல வைக்க விட்டிருக்க மாட்டா. மாட்டுக்கே ஒரு சோத்துப் பருக்கை குடுக்க மாட்டா அவ” என்றார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவ்வளவு வெயில்.

குதிரை பலமுறை முட்டி மடக்கப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் சித்தப்பா கயிற்றைச் சுண்டி எழுப்பினார். பிறகு ஒரு தடவை அவரே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். கயிறு கையிலிருந்து நழுவியது. குதிரை நின்று அவரைப் பார்த்தது.

“எந்திரிங்க சித்தப்பா, அது படுத்துரும்” என்றேன்.

கண்ணைத் திறந்தார். “ரொம்பத்தான் வெரட்டுத, ஏட்டி” என்றார். எழுந்தார்.

திரும்பிப் பார்த்தபோது தூரத்தில் வரப்பு வழியே அம்மா வந்துகொண்டிருந்தாள். கையில் குழம்புக் கரண்டி. வீட்டுக்குள் கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் அப்படியே ஓடிவந்திருக்கிறாள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துச் சித்தப்பாவுக்கு மறுபக்கம் போய் நடந்தேன். ஆனால் அம்மா கிட்டே வரவே இல்லை. நாங்கள் நடந்தால் நடந்தாள்; நின்றால் நின்றாள். கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, எங்களுக்கும் தனக்கும் நடுவில் ஒரு காட்டின் இடைவெளி விட்டே வந்தாள். அவளைச் சித்தப்பா பார்க்கவில்லை. இன்று நான் இந்த உடை மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தூரம் அதே தூரம்தான்.

பின்னே ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் மாலை போட்டிருந்தவர். குதிரையைத் தொடவில்லை, எங்களுக்கு முன்னால் குனிந்து குனிந்து பாதையில் கிடந்த முள்ளைப் பொறுக்கிக்கொண்டே போனார். கோழி தின்றவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். சித்தப்பா குடித்தார். குதிரையின் வாயைத் துடைத்துவிட்டார். தீட்டுக்காரர் தன் தலைப்பாகையை அவிழ்த்து நனைத்து, அதை எறிந்துவிட்டு ஓடினார். சித்தப்பா அதைக் குதிரையின் தலையில் போட்டார். ஒருவரையும் யாரும் கூப்பிடவில்லை. ஒரு மனிதர் நடப்பதைப் பார்த்தார்கள், வந்தார்கள். எங்கள் ஊர் அப்படி ஒரு வேலைக்கும் கூடிவந்து நான் பார்த்ததில்லை; கொடைக்குக்கூட வரிப் பிரச்சினையில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

வெயில் சாயத் தொடங்கும்போது மொபெட் வந்தது. பாய் ஓட்ட, நடுவில் டாக்டர், பின்னால் ரப்பர் குழாயும் எண்ணெய் டின்னும் பிடித்துக்கொண்டு அப்பா. டாக்டர் இளவயதுக்காரர். “மாடுன்னா தெனம் பாக்கேன். குதிரை பாத்து நாளாச்சு” என்று ஒளிக்காமல் சொன்னார். ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். குதிரையின் தலையைச் சித்தப்பா தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “நல்ல பிடிமானம் ஒங்களுக்கு” என்றார் டாக்டர். “இனியும் நடத்துங்க. நான் சும்மா சொல்லல, நடத்துனதுதான் இதுவரைக்கும் உசுரோட வச்சிருக்கு.”

நடத்தினோம். இந்த முறை பாதி ஊர் கூட நடந்தது. கோயிலுக்கு முன்னால் மண்குதிரைகள் மஞ்சள் வெயிலில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, குதிரை நின்றது. வாலைத் தூக்கியது. ஒரு நீண்ட யோசனைக்குப் பிறகு லத்தி போட்டது.

அப்படி ஒரு சந்தோஷக் கூச்சலை நான் அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. “மாஷா அல்லா!” என்றார் பாய். “அய்யனாரே!” என்றார் கோடாங்கி. இருவரும் ஒரே லத்தியைப் பார்த்துத்தான் கும்பிட்டார்கள். நான் துள்ளிக் குதித்தேன்.

குதிரை பிறகு எங்கள் தொழுவத்திலேயே இருந்தது. அய்யனார் தன் குதிரைக்கு ஆள் நியமித்துவிட்டார் என்று கோடாங்கி தீர்ப்புச் சொன்னதால் ஊருக்கும் மனம் ஆறியது. சித்தப்பா விடியுமுன் எழுந்து புல்லறுக்கப் போனார். புண்ணைக் கழுவி மருந்து வைத்தார். பாய் டவுனில் போய்ச் சொன்னாரோ என்னவோ, கால் ஒடிந்த கழுதை ஒன்று வந்தது, கண் தெரியாத வண்டிமாடு வந்தது. இன்றைக்குத் தன்னார்வலர் என்று மரியாதையாக ஒரு சொல் இருக்கிறது. அன்று எங்கள் ஊரில் வேலையத்தவன் என்றுதான் சொன்னார்கள். சித்தப்பா அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அவருக்கு நேரமே இருக்காது.

அதெல்லாம் பின்னால். அன்று சாயங்காலம் குதிரையைத் தொழுவத்தில் நிறுத்திவிட்டு வந்து, சித்தப்பா வாசலில் கால் கழுவினார். கயிறு இழுத்து உள்ளங்கை உரிந்திருந்தது. உள்ளறைக்குப் போகப்போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அடுப்பங்கரை நிலையில் வந்து நின்றார்.

“மதினி, பசிக்கி” என்றார்.

அம்மா தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். சித்தப்பா தரையில் உட்கார்ந்து, தலை நிமிராமல், அள்ளி அள்ளித் தின்றார். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு அவர் கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அங்கே தொழுவத்தில் அத்தனை பெரிய குதிரை செத்துப் பிழைத்து நிற்கிறது, அதை ஓர் எட்டுப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மனிதர் சோறு தின்பதைப் போய் இப்படிப் பார்க்கிறார்களே.

அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். சட்டியில் கரண்டி விட்டபடியே அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. தாடையிலிருந்து சொட்டிச் சொட்டிக் குழம்பில் விழுந்தது.

நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். “அழாதம்மா” என்றேன். “குதிரைக்குத்தான் நல்லாயிட்டுல்லா. லத்தி போட்டுட்டு. டாக்டரே சொல்லிட்டாரு.”

அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ஆமாட்டி” என்றாள். “குதிரைக்குத்தான் அழுதேன்.”

சொல்லிவிட்டு, சித்தப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் அம்மா குதிரைக்காக அழுகிற அளவுக்கு இளகின மனசுக்காரி என்று அன்றைக்கே தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.